தட்டில் கிடந்த ஆறாம் வகுப்பு

ஆனி பிறந்ததும் அண்டி ஆபீஸைத் திறந்துவிட்டார்கள்.
அருமனைப் பள்ளிக்கூடம் திறக்கவில்லை.

கேட்டில் எனக்கு ஒரு ஸ்டூல், ஒரு ரிஜிஸ்டர்,
சானிடைசர் பாட்டில்,
பேக்கரியில் வாங்கிய பழைய தகரத் தட்டு.
உள்ளே போகிற பெண்கள்
போனை அதில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும்.
தல்லுகிற கையால் தொட்டால்
போன் கெட்டுவிடும் என்பார் மானேஜர்.
கை கெடுவதைப் பற்றி உத்தரவு எதுவும் இல்லை.

ஒன்பதரைக்குத் தட்டு நடுங்கத் தொடங்கும்.
ஒன்று துடித்தால் பக்கத்தில் கிடப்பதும் நகரும்,
வறுப்புச் சட்டியில் அண்டி துள்ளுவதுபோல.
மூன்றாம் வகுப்புத் தமிழ்,
எட்டு பி அறிவியல்,
ஏழாம் வகுப்புக் கணக்கு
ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து முனகும்.
பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள்.

ரோசிலியின் போனுக்கு மட்டும்
பூட்டெண் எனக்குத் தெரியும்.
வீட்டுக்காரர் மஸ்கட்டில் முடங்கிக் கிடந்தார்.
அழைத்தால் எடுத்து
சாயங்காலம் பேசச் சொல்லணும்.
அவர் அழைக்காத நாட்களில்
நான் டீச்சரைக் கேட்டேன்.

மூக்கடைத்த குரல். பின்னால் ஒரு குக்கர்.
"பிள்ளைகளே" என்பதில்
கடைசி எழுத்தை நீட்டுவார்.
தசம எண்கள், இலையின் பாகங்கள்.
தினமும் பேர் கூப்பிடுவார்,
கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்கு இடம் விடுவார்,
பதிவு செய்த குரலில் யார் பதில் சொல்ல?
பழக்கம்தான்.
"ஷிஜிலா ரோஸ்."
இரண்டு விநாடி குக்கர் மட்டும்.
பிறகு அடுத்த பேர்.

மாடியில் மானேஜர் மகன் ஜெஃப்ரினுக்கு
லேப்டாப், இன்வெர்ட்டர்,
நாகர்கோவிலிலிருந்து திரையில் வருகிற தனி சார்.
நல்ல பையன், குற்றம் சொல்லக்கூடாது.
மத்தியானம் இறங்கி வந்து
போரடிக்குது அக்கா என்பான்.

ஷிஜிலா ஐந்து மணிக்கே கேட்டுக்கு வந்துவிடுவாள்.
ரோசிலிக்குக் கைரேகை கிடையாது.
பதினெட்டு வருடம் தல்லியதில்
அண்டியெண்ணெய் தின்றுவிட்டது.
ரேஷன் கடை மெஷினுக்கும் அவளைத் தெரியாது.
போனில் பதிந்திருந்தது
மகளுடைய பெருவிரல்.
வைத்ததும் திறக்கும்,
நூற்றுச் சொச்சம் மெசேஜ்.
வீடு போய்ச் சேருமுன் அப்பா அழைப்பார்,
அதற்குப் பிறகு சார்ஜ் இருக்காது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்.
விரலை வைத்தாள், திறக்கவில்லை.
பாவாடையில் துடைத்துவிட்டு வைத்தாள்.
மீண்டும் முயற்சிக்கவும் என்றது.
ஊதி, எச்சில் தொட்டு, மறுபடியும் வைத்தாள்.
நான் கையை வாங்கிப் பார்த்தேன்.
நுனி உரிந்து இளஞ்சிவப்பாக,
நகத்தோரம் கறுப்பு.
"ராத்திரி வீட்டுக்கு ஒரு சாக்கு வருது,
நானும் தல்லுவேன்" என்றாள்.
சந்தோஷமாகத்தான் சொன்னாள்.
கிலோவுக்கு எவ்வளவு, இரண்டரை கிலோவுக்கு எவ்வளவு
என்று கணக்கும் சொன்னாள்.
தசமப்புள்ளி சரியான இடத்தில் இருந்தது.
நாலு எண்ணையும்
நானே அடித்துக் கொடுத்தேன்.

எல்லோரும் பாஸ் என்றார்கள்.
ஐந்தாம் வகுப்பில் வீட்டுக்கு வந்தவள்
ஏழாம் வகுப்பில் போய் உட்கார்ந்தாள்.
தமிழ்ப் புத்தகத்தை எழுத்துக் கூட்டுகிறாள் என்று
ரோசிலி சொன்னாள்,
காய்ச்சல் விவரம் சொல்கிற குரலில்.
மூன்று மாதம் பார்ப்பாளாம்,
சரிப்படாவிட்டால் தொலியெடுக்கிற பக்கம்
ஒரு இடம் கேட்பாளாம்.
மானேஜரிடம் நான் சொல்லணுமாம்.
ரிஜிஸ்டரில் கையெழுத்தைக் காட்டினேன்,
அவள் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

போன வாரம் மார்த்தாண்டம் பஸ்ஸில்
நிற்க இடமில்லை.
ஸ்கூல் பைகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல்:
"பிள்ளைகளே, கொஞ்சம் உள்ள போங்க."
கடைசி எழுத்து நீண்டது.
திரும்பினேன்.
ஒல்லியான பெண், கையில் குடை,
மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு
மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்தார், தெரியாதவளைப் பார்ப்பதுபோல.

ஒரு வருடம் தினமும் கேட்டவள் நான் ஒருத்திதான்.
உள்ளேன் டீச்சர் என்று
வாய்வரை வந்தது.
இரண்டு விநாடி ஆகியிருக்கும்.
கண்டக்டர் யாரையோ இறங்கச் சொன்னார்.
எனக்கு இறங்கவேண்டிய இடம்
எப்போதோ போயிருந்தது.